திருநீறு தின்றவள்

குருவம்மாள் தெருமுனை திரும்பிவிட்டாள் என்பது உறுதியான பிறகுதான் முத்துவடிவு சாமி மாடத்துக்கு முன்னால் போய் உட்காருவாள். மாடத்தில் ஒரு முருகன் படம், அதன் கீழே அகல்விளக்கு, பக்கத்தில் பித்தளைச் சம்படம் நிறையத் திருநீறு. முதலில் விரல்நுனியால் தொட்டு நாக்கில் வைப்பாள். இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தினமும் நினைப்பாள். பிறகு மூன்று விரலால் அள்ளுவாள். அதற்குப் பிறகு உள்ளங்கை. புதுமழை விழுந்த மண்ணின் வாசம் போல ஒன்று தொண்டைக்குள் இறங்கும். அந்த நேரம் மட்டும் உடம்பு அடங்கிக் கிடக்கும். அப்புறம் வாயைக் கொப்பளித்து, உதட்டை முந்தானையால் துடைத்து, சம்படத்தை மூடி வைத்துவிட்டு, முருகன் முகத்தைப் பார்க்கக் கூசி எழுந்து போய்விடுவாள்.

அது பக்தி இல்லை என்று அவளுக்குத் தெரியும். என்ன என்றுதான் தெரியவில்லை.

தென்காசியில், கோயிலுக்குப் பின்னால் போகும் தெருக்களில் ஒன்றில் இருந்த அந்த ஓட்டு வீட்டில் அவளும் அவள் மாமியார் குருவம்மாளும்தான். புருஷன் செல்லச்சாமி பட்டாளத்தில் இருந்தான். அஸ்ஸாம் பக்கம் ஏதோ மலையில். நாடு விடுதலையாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன காலம் அது. அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவன் போலீசிலோ பட்டாளத்திலோ இருந்தான். செல்லச்சாமி வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவான். வந்தால் வீடு முழுக்கச் சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். அவன் போனதும் வீடு முன்னைவிடப் பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கும். முத்துவடிவுக்குத் தாய் தகப்பன் இல்லை. வாசுதேவநல்லூரில் இருந்த அண்ணன் தீபாவளிக்கு ஒரு சேலை அனுப்புவான், அவ்வளவுதான்.

கல்யாணமாகி நான்கு வருஷத்தில் இரண்டு தடவை அவளுக்கு நாள் தள்ளிப்போனது. இரண்டு தடவையும் மூன்றாம் மாதம் முடிவதற்குள் கலைந்துவிட்டது. இரண்டாம் தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, அங்கிருந்த நர்சம்மா முத்துவடிவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லையே ஆச்சி. அடுத்த பிள்ளைக்கு முன்னால இவள நல்லாத் தேத்துங்க. முட்ட, கீர, ஈரல் எல்லாம் குடுங்க" என்று சொன்னாள். குருவம்மாள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் வயிற்றில் பிடித்தது இரண்டு தடவை நழுவிப்போவதற்கு ரத்தம் இல்லாதது ஒரு காரணமாக இருக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அது தெய்வக்குத்தம். தெய்வத்திடம்தான் தீர்க்க வேண்டும்.

ஆகவே அவள் குற்றாலத்துக்குப் போனாள். பேரருவியில் குளித்து, ஈரச் சேலையோடு குழல்வாய்மொழி அம்மன் சந்நிதியில் நின்று நேர்ந்துகொண்டாள். பிள்ளை மடியில் விழுகிற வரைக்கும் வீட்டுக்குள் கறி, மீன், முட்டை நுழையாது. மருமகள் செவ்வாயும் வெள்ளியும் சஷ்டியும் கார்த்திகையும் பட்டினி கிடப்பாள். பொழுதடைந்து விளக்கேற்றிய பிறகு உப்பில்லாச் சோறு ஒரு வேளை. தன் பங்குக்கு, பத்து வயதிலிருந்து போட்டுவந்த வெற்றிலையை விட்டுவிடுவதாகச் சொன்னாள். சொன்னபடி விட்டும்விட்டாள். குருவம்மாள் கெட்டவள் இல்லை. பேரப்பிள்ளை மேல் இருந்த ஆசையில் என்ன கொடுப்பது என்று தெரியாமல், கையில் இருந்ததையெல்லாம் கொடுத்தாள். அதில் மருமகளின் சோறும் ஒன்று.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. அந்த வைகாசியில் செல்லச்சாமி லீவில் வந்து போனான். ஆடி பிறந்தபோது முத்துவடிவுக்கு இரண்டு தடவை நாள் தள்ளியிருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. பட்டினியில் அவளுக்கு நாள் முன்பின்னாவது வழக்கம், அதனால் குருவம்மாளும் கவனிக்கவில்லை. முந்தைய இரண்டு தடவையும் சொன்ன கொஞ்ச நாளில் போய்விட்டது. மூன்று மாதம் முடியட்டும், கண்பட வேண்டாம் என்று வாயைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் திருநீற்று ஆசையும் முற்றியது. படியேறினால் மூச்சு வாங்கியது. எழுந்து நின்றால் கண்முன் மின்மினி பறந்தது. போன இரண்டு தடவையும் இப்படித்தான் இருந்தது என்பது அவளுக்கு நினைவிருந்தது. இந்தப் பிள்ளையும் நிற்காதோ என்ற பயம் காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும்.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை, சாயங்காலப் பூஜைக்கு மாமியாரோடு கோயிலுக்குப் போனாள். என்றைக்கோ பிளந்து, திரும்பக் கட்டாமலே நின்ற கோபுரத்தடியில் வழக்கம்போலக் காற்று ஆளைத் தள்ளியது. உலகம்மை சந்நிதியில் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். மணி அடித்தது, தீபம் எழுந்தது. முத்துவடிவின் காதுக்குள் மணியோசை மட்டும் பெரிதாகிக்கொண்டே போயிற்று. அவள் ஆடினாள். பிறகு பக்கத்தில் நின்ற சொக்கம்மாள் மேல் சரிந்து விழுந்தாள். சொக்கம்மாள் எதிர்வீட்டுக்காரி.

"ஏ, ஆத்தா வந்துட்டாட்டி!" என்று கத்தினாள் சொக்கம்மாள். "குருவக்கா, உம்ம மருமவ மேல ஆத்தா எறங்கியிருக்கா!"

முத்துவடிவு கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றாள்.

"ஆத்தா தண்ணி கேக்கா! மஞ்சத்தண்ணி கொண்டாங்கட்டி!"

ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினார்கள். குடிக்க ஒருத்தியும் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் வேறு ஆளாகிவிட்டாள். குருவம்மாள் தெருவெல்லாம் சொன்னாள்: "திருநீறையே ஆகாரமா வச்சிருக்கா எம் மருமவ. சம்படத்துல போட்டு வைக்கேன், போட்டு வைக்கேன், காணாமப் போவுது. சரி, முருகன் எடுத்துக்கிடுதான்னு இருந்தேன். ஒருநா பாதியில திரும்பி வந்து பாத்தா இவ." சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. சொக்கம்மாள் பேத்தியின் காய்ச்சலுக்கு முத்துவடிவு கையால் திருநீறு வாங்கிப் பூசினாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் ஆள் வர ஆரம்பித்தது. வெளுத்துப்போன அவள் முகத்தைப் பார்த்து, "என்ன களை!" என்றார்கள். அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்து, "ஆத்தா உள்ள நிக்கா" என்றார்கள்.

தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனால் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். முன்பெல்லாம், "ஏட்டி முத்துவடிவு, ஒன் பட்டாளத்தான் கனவுல வந்தானா?" என்று கேட்டு வாளித் தண்ணீரை மேலே தெளிக்கிறவர்கள் அவர்கள். இப்போது அவள் குடத்தை யாரோ வாங்கி நிரப்பி, தலைகுனிந்து கொடுத்தார்கள். அவள் தொட்ட கயிற்றை அடுத்தவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடக்கும்போது, பின்னால் மறுபடியும் பேச்சும் சிரிப்பும் ஆரம்பிப்பது காதில் விழும். யாராவது ஒருத்தி தன்னை ஒரு வசவு வைதால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

ஒருநாள் மத்தியானம், சம்படத்தைத் திறந்து அவள் வாயில் போட்ட நேரம், புறவாசல் பக்கம் ஆள் அரவம் கேட்டது. அலிமா நின்றிருந்தாள். அடுத்த தெரு. அவள் வீட்டுக்காரர் சந்தையில் கறிக்கடை வைத்திருந்தார். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான்.

"ஆச்சி இல்லையாளா? சின்னவனுக்கு மூணு நாளா சோறு எறங்கல. எங்க பள்ளிவாசல்லயும் ஓதித் தண்ணி வாங்கியாச்சு. நீ ஒரு நுள்ளு திருநீறு குடுன்னு..." பேசிக்கொண்டே வந்தவள் நின்றாள். "என்னது வாயில?"

முத்துவடிவு உதட்டைத் துடைத்தாள். வெள்ளைப் பொடி கன்னம் வரை இழுவிக்கொண்டது.

அலிமா பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தாள். பிறகு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "எனக்குச் செங்கலுளா! மூத்தவன் வயித்துல இருக்கையில எங்க பின்செவுத்துல பாதியச் சுரண்டித் தின்னுட்டேன். எங்க மாமியா பெருச்சாளின்னு நெனச்சு பொறி வச்சாவ. கருவாட்டுத் துண்டு வச்சு! நான் செவுத்தையும் தின்னு, அந்தக் கருவாட்டையும் தின்னேன்."

முத்துவடிவுக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

அலிமா சிரிப்பை நிறுத்தினாள். "எத்தன மாசம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. "ரெண்டு தள்ளியிருக்கு" என்றாள் முத்துவடிவு.

"ஆச்சிட்ட சொல்லலையா?"

"மூணு முடியட்டும். முன்ன ரெண்டு தடவையும் சொன்னேன், போயிட்டு."

"சொன்னதுனாலயா போச்சு?" அலிமா அவள் கையைப் பிடித்து நகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "வெள்ளையடிச்ச செவுரு மாதிரி இருக்கியே. நாளைக்கு எங்க வீட்டுல சொல்லி சுவரொட்டி எடுத்து வைக்கச் சொல்லுதேன். ஆட்டு மண்ணீரல்தாம்ளா. கன்னங்கரேல்னு இருக்கும், பாத்தா புடிக்காது. அனல்ல வாட்டி மொளகு போட்டுத் தந்தா நாலு நாள்ல ஒடம்புல ரத்தம் ஊறும்."

"வேண்டாங்க்கா. அத்த நேர்ந்திருக்காவ. வீட்டுக்குள்ள கவிச்சி ஆவாது."

"எங்க வீட்டுக்கு வா."

"தெரிஞ்சா அத்த தாங்க மாட்டாவ. நேர்ச்ச முறிஞ்சு பிள்ளைக்கு ஒண்ணுன்னா நானும் தாங்க மாட்டேன்."

அலிமா பிடித்திருந்த கையை விட்டாள். "சாமிக்கு நேர்ந்தத நான் என்னன்னு சொல்ல" என்றாள். "ஆனா பசின்னா பசின்னு சொல்லணும். நீ பேசாம இருந்தா பாக்கவ அருளுன்னுதான் நெனப்பா. சரி, எம்மவனுக்குத் திருநீறு குடு."

"எங்கையில ஒண்ணும் இல்லக்கா."

"தெரியும். இருந்தாலும் குடு. நாலு எடத்துல கேட்டா ஒரு எடத்துல கேக்காமலா போவும்?"

முத்துவடிவு ஒரு தாளில் மடித்துக் கொடுத்தாள். அலிமா வேலியைத் தாண்டிப் போனபின் கொல்லை வெறுமையாகிவிட்டது. தன் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கோயிலில் விழுந்த நாளிலிருந்து அவளை யாரும் தொடவில்லை, காலைத்தான் தொட்டார்கள்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு எல்லோரும் குற்றாலம் போவது என்று குருவம்மாள் ஏற்பாடு செய்தாள். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர், இரண்டு வண்டி. நேர்ந்த சந்நிதியிலேயே ஆத்தா இறங்கி, பிள்ளை உண்டா இல்லையா என்று வாயால் சொல்லிவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். "வியாழன் மத்தியானத்துலேர்ந்தே ஒண்ணும் திங்காத. ஒடம்பு சுத்தமா இருந்தாத்தான் ஆத்தா நிப்பா" என்றாள். முத்துவடிவு சரி என்று தலையாட்டினாள்.

வெள்ளி விடிந்தபோது அவள் சேலையில் ஒரு கறை இருந்தது. குங்குமப் பொட்டு அளவுதான். அவள் அதையே பார்த்துக்கொண்டு கொல்லையில் நின்றாள். போன இரண்டு தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. அதற்குள் வாசலில் வண்டி வந்து நின்று, மாட்டின் மணி கேட்டது. குருவம்மாள் கூப்பிட்டாள். சேலையை மாற்றிக்கொண்டு போய் வண்டியில் ஏறினாள்.

வழியெல்லாம் சாரல். மலை மேல் மேகம் படுத்துக் கிடந்தது. பெண்கள் அம்மனைப் பாடிக்கொண்டு வந்தார்கள். வண்டி குலுங்கும்போதெல்லாம் முத்துவடிவு இரண்டு கையையும் அடிவயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அதையும் பார்த்த சொக்கம்மாள், "ஆத்தா அடிவயித்துல குடியிருக்கா, பாத்தியாட்டி" என்று பக்கத்தில் இருந்தவள் காதில் சொன்னாள்.

பேரருவியில் நல்ல தண்ணீர். இரைச்சலில் பேச்சு கேட்கவில்லை. அவளை அருவிக்குள் இழுத்தார்கள். அவள் பாறை ஓரத்திலேயே நின்று, தெறித்து வந்த நீரில் தலையை நனைத்துக்கொண்டாள். அங்கிருந்து கோயில் வாசலுக்கு ஈரத்தோடு வந்தார்கள். எல்லோரும் படியேறினார்கள். முத்துவடிவு நின்றுவிட்டாள்.

கறை பட்ட உடம்போடு அம்மன் முன்னால் எப்படிப் போவது? அந்த ஒரு விஷயத்தில் அவளால் தன்னை ஏமாற்றிக்கொள்ள முடியவில்லை.

"வா தாயி" என்றாள் குருவம்மாள்.

"நான் உள்ள வரமாட்டேன்."

வாசல் ஓரத்துச் சுவரைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஆத்தா உள்ள வரமாட்டேங்கா!"

"ஏதோ குத்தம் நடந்திருக்கு. கேளுங்க குருவக்கா, கேளுங்க!"

குருவம்மாள் ஈரத்தரையில் முழங்காலிட்டுக் கைகூப்பினாள். "என்ன கொற வச்சேன் தாயே? எம்மவன் எல்லையில கெடக்கான். அவனுக்கு ஒரு வாரிசு கேட்டேன். ஒனக்கு என்ன வேணும்? கெடா வேணுமா, பொங்கலு வேணுமா, சொல்லு. இந்தக் கட்டைய வேணும்னாலும் எடுத்துக்க."

முத்துவடிவுக்குத் தெளிவாகக் கேட்டது. தெளிவாக ஒன்று தோன்றவும் செய்தது. இப்போது தலையை ஆட்டி, குரலை மாற்றி, 'இவளுக்குச் சோறு போடு, மூணு வேளையும் போடு, வெரதம் வேண்டாம்' என்று சொன்னால் போதும். ஆத்தா சொன்னாள் என்று மாமியார் முட்டையையும் ஈரலையும் தலையில் சுமந்து கொண்டுவருவாள். யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள். பிள்ளை பிழைத்துவிடும். நுனிநாக்கு வரை வந்துவிட்டது.

திறந்திருந்த வாசல் வழியாக, உள்ளே தூரத்தில் ஒரு விளக்கு தெரிந்தது. சந்நிதி கண்ணுக்குத் தெரியவில்லை, விளக்கு மட்டும்தான். அந்த அம்மன் பேரைச் சொல்லித்தான் இரண்டு வருஷம் பசித்திருந்தாள். அந்தப் பேரிலேயே பொய் சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை. கும்பிடுகிற தெய்வத்தைத் தன் வயிற்றுக்காகப் பேசவைக்க மனம் வராதவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர் உண்டு. பெரும்பாலும் அவர்கள் யார் கண்ணிலும் படாமல்தான் இருப்பார்கள்.

"அத்த" என்றாள். "நான்தான். முத்துவடிவு. ஆத்தா இல்ல."

குருவம்மாளின் கூப்பிய கை கீழே இறங்கியது.

"ஆத்தா எப்பமும் வரல அத்த. தலை சுத்தி விழுந்தேன். திருநீற பக்தியில திங்கல, ஆசையா இருந்துச்சு, தின்னேன். எனக்குப் பசிக்குது. வயித்துல பிள்ள இருக்கு. விடியக்காலம் கறை பட்டிருக்கு. அதான் உள்ள வரமாட்டேன்னேன்."

முதலில் பேசியது சொக்கம்மாள்தான். "அப்பம் எம் பேத்திக்குப் பூசினது? ஊரு பூரா இவ கால்ல விழுந்தமே, அது?"

"நல்லா நடிச்சா."

"தீட்டோட வண்டியில ஏறி நம்ம கூட உக்காந்துல்லா வந்திருக்கா!"

ஈரச் சேலைகள் ஒவ்வொன்றாக விலகின. தரையில் முழங்காலிட்டிருந்த குருவம்மாளைச் சொக்கம்மாள் கைகொடுத்துத் தூக்கினாள். குருவம்மாள் மருமகளைப் பார்க்கவில்லை. சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் படியேறி உள்ளே போனாள். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள்.

முத்துவடிவு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாரல் விட்டுவிட்டு விழுந்தது. குளித்துவிட்டு வந்த வெளியூர்க்காரர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு குரங்கு சற்றுத் தள்ளி உட்கார்ந்து, யாரோ போட்ட வாழைப்பழத்தைத் தன் குட்டிக்கு உரித்துக் கொடுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இருந்துக்க, இருந்துக்க" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். அந்த நேரம் அவளுக்குப் பேச வேறு ஆள் இல்லை. செல்லச்சாமி இருக்கும் மலையில் இப்போது மழையாக இருக்குமா என்று நினைத்தாள். அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று நினைத்தாள். அப்புறம் நினைக்கவும் தெம்பில்லை.

வெகுநேரம் கழித்துக் குருவம்மாள் வந்தாள். அவள் வந்தது கோயிலுக்குள்ளிருந்து இல்லை, கடைத்தெருப் பக்கமிருந்து. கையில் ஒரு இலைப் பொட்டலமும் ஆவி பறக்கும் ஒரு தம்ளரும் இருந்தன.

"பால குடி மொதல்ல" என்றாள்.

முத்துவடிவு நிமிர்ந்து பார்த்தாள். "இன்னைக்கு வெள்ளி அத்த."

"எனக்குத் தெரியாதா? குடி." குருவம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள். சூடான இட்லி. "ஆத்தாகிட்ட சொல்லிட்டேன். நேர்ந்தவ நான். பட்டினிய நானே கெடக்கேன், இவள விட்டுருன்னு. சென பிடிச்ச மாட்டுக்குப் பருத்திக்கொட்ட ஆட்டி வச்சவ நான், கூட ரெண்டு படி தவிடு வச்சவ. வீட்டுல ஒரு பொண்ணுக்கு வைக்கத் தெரியல." அவள் குரல் உடையவில்லை. கோபமாகத்தான் இருந்தது. யார் மேல் கோபம் என்று முத்துவடிவுக்குப் புரியவில்லை. "ஆத்தா ஒண்ணும் சொல்லல. சொல்ல மாட்டா. நாமதான் அவ சொன்னா சொன்னான்னு சொல்லிக்கிட்டிருந்தோம். தின்னு, ஆறிரும்."

முத்துவடிவு தின்றாள். உப்பு நாக்கில் பட்டதும் கண்ணில் நீர் வந்தது.

திரும்பி வரும்போது ஒரு வண்டியில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். மற்றவர்கள் எல்லோரும் இன்னொரு வண்டியில் இடித்துக்கொண்டு ஏறிவிட்டார்கள்.

மறுநாள் குருவம்மாள் மருமகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதே நர்சம்மா இமையை இழுத்துப் பார்த்துத் திட்டினாள். குருவம்மாள் நின்று திட்டை வாங்கிக்கொண்டாள். மாத்திரை கொடுத்தார்கள், படுத்தே இருக்க வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து அவளைப் படுக்கவைத்துவிட்டு, குருவம்மாள் கொல்லைக்குப் போய் முள்வேலி ஓரம் நின்றாள்.

"ஏளா அலிமா."

"என்ன ஆச்சி?"

"ஒங்க வீட்டு ஆளுகிட்ட அந்த... சுவரொட்டி இருக்குமா?"

அலிமா உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் இலையில் சுற்றி வேலிக்கு மேலே நீட்டினாள். "வீட்டுக்குள்ள ஆவாதும்பீங்களே ஆச்சி, நான் ஆக்கித் தரட்டா?"

"வீட்டுக்குள்ளன்னுதான நேர்ந்தேன். கொல்லையச் சொல்லலையே" என்றாள் குருவம்மாள். மூன்று செங்கல்லை வைத்து, சுள்ளி பொறுக்கி, சாரலில் பனையோலை ஒன்றைக் குடையாகப் பிடித்துக்கொண்டு அவளே வாட்டினாள். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இந்த நாத்தத்த எப்படித்தான் திங்காவளோ" என்று முணுமுணுத்தாள். ஒரு காலத்தில் அவளும் ஆசையாகத் தின்றவள்தான்.

கறை மூன்றாம் நாளோடு நின்றது. முத்துவடிவு எதையும் நம்பாமல் படுத்திருந்தாள்.

தெருவில் யாரும் வரவில்லை. எதிர்வீட்டுச் சொக்கம்மாள் இவர்கள் வாசலைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குருவம்மாள் கோயிலுக்குத் தனியாகப் போய்த் தனியாக வந்தாள். வீட்டிலும் பேச்சு குறைந்துபோனது. 'தின்னாச்சா', 'மாத்திர போட்டியா', 'படு' — இவ்வளவுதான். செவ்வாயும் வெள்ளியும் குருவம்மாள் பட்டினி கிடந்தாள். மருமகளுக்கு முருங்கைக்கீரையும் சோறும் போட்டுவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வைதால்கூடத் தேவலை என்றிருந்தது முத்துவடிவுக்கு. ஒருநாள் சொல்லியும் பார்த்தாள்: "ஒங்கள ஊருக்கு முன்னால தலைகுனிய வச்சுட்டேன் அத்த."

"ஊரு கெடக்கு" என்றாள் குருவம்மாள், திரும்பாமல். "நீ அன்னைக்கு ஆத்தா மாதிரியே பேசியிருந்தா நான் நம்பியிருப்பேன். காலம் பூரா நம்பியிருப்பேன். அது வந்து உறுத்துது."

புரட்டாசி போய் ஐப்பசி பிறந்து, மழை பிடித்துக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். குருவம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள். முத்துவடிவு உலையில் அரிசி களைந்து போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்போது உள்ளே ஏதோ ஒன்று, மீன் வாலால் தட்டுவது போல, இலேசாகத் தட்டியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் தட்டியது. இந்த இடம் வரைக்கும் அவள் இதற்கு முன் வந்ததே இல்லை.

எழுந்து வாசலுக்குப் போனாள். யாரிடமாவது சொல்ல வேண்டும். தெருவில் மழைதான் நடந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உலை பொங்கி வழிகிற சத்தம் கேட்டும் போகவில்லை. தெருமுனையில் குருவம்மாள் முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, பட்டினியில் கால் பின்ன மெதுவாக வருவது தெரிந்தது.

"ஏட்டி, மழையில ஏன் நிக்க? என்ன?" என்று தூரத்திலேயே பதறினாள்.

முத்துவடிவு அவள் ஈரக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

குருவம்மாளுக்குப் புரிந்தது. அசையாமல் நின்றாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். அடுப்பில் கஞ்சி தீயில் வடிந்து சுரீரென்றது.

"இப்பம்தான் அத்த... ரெண்டு தடவ..."

"இருக்கட்டும். ஒறங்குதோ என்னமோ." குருவம்மாள் கையை எடுக்கவில்லை. அவள் முந்தானையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது.

"ரெண்டு வாய் கஞ்சியாவது குடிங்க அத்த. நீங்க குடிச்சாத்தான் எனக்கும் எறங்கும்."

"வெள்ளிட்டி இன்னைக்கு."

"குடிங்க. ஒங்களுக்காவ நான் ஆத்தாகிட்ட சொல்லிக்கிடுதேன்."

குருவம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். குற்றாலத்துக்குப் பிறகு அன்றுதான் நேராகப் பார்த்தாள். பிறகு மருமகள் வயிற்றில் வைத்த கையை எடுக்காமலே தரையில் மெல்ல உட்கார்ந்து, அவளையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

"பொறு" என்றாள். "இது ஒரு தடவ அசையட்டும். அப்புறம் குடிக்கேன்."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவர்கள் இரண்டு பேரும் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.